ஆர்வி-யில் லித்தியம் பேட்டரி: சார்ஜிங் பக்கத்தை மாற்றுவது எப்படி?

ஆர்வி-க்கு, அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டிக்கு, லித்தியம் பேட்டரியை வாங்கி, பழைய லெட் ஆசிட் பேட்டரி இருந்த இடத்திலேயே வைத்து, அதே இரண்டு வயரை மாட்டினால் லைட் எரியும், பம்ப் ஓடும். வேலை முடிந்துவிட்ட மாதிரிதான் தெரியும். ஆனால் அந்த பேட்டரிக்குச் சார்ஜ் வருவது மூன்று வழியாக: இஞ்சின் ஆல்டர்னேட்டர், வெளியே பிளக் போட்டால் ஓடும் சார்ஜர், கூரையில் இருக்கும் சோலார். மூன்றுமே லெட் ஆசிட்டுக்காக செட் செய்யப்பட்டவை. என் வண்டியில் மூன்றையும் மாற்றி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். மல்டிமீட்டரில் வோல்ட்டேஜ் பார்க்கவும், லக் கிரிம்ப் செய்யவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் 12 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு மட்டும். வேறு வகை லித்தியத்துக்கு இந்த எண்கள் பொருந்தாது.

முதலில் எண்கள்

இந்த பேட்டரிக்குள் 3.2 வோல்ட் செல் நான்கு வரிசையாக இருக்கும், மொத்தம் 12.8. ஒரு செல்லின் உச்சவரம்பு 3.65, அதனால் முழு பேட்டரிக்கு 14.6 வோல்ட். அதுவரை தள்ளத் தேவையில்லை. நான் எல்லாச் சார்ஜரிலும் 14.2 வைத்திருக்கிறேன், ஃப்ளோட் (நிரம்பிய பிறகு பிடித்து வைக்கும் வோல்ட்டேஜ்) 13.5. பேட்டரி நிரம்புகிறது, செல்களும் சமமாகின்றன, பிஎம்எஸ் (பேட்டரிக்குள்ளேயே இருந்து செல்களைக் காக்கும் சர்க்யூட்) பதறுவதில்லை.

இரண்டு வசதிகளைக் கண்டிப்பாக அணைத்துவிடுங்கள். ஒன்று, ஈக்வலைசேஷன். லெட் ஆசிட்டுக்கு 15 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும் வைத்தியம் அது. லித்தியத்துக்குக் கொடுத்தால் பிஎம்எஸ் இணைப்பைத் துண்டித்துவிடும். இன்னொன்று, டெம்பரேச்சர் காம்பன்சேஷன். குளிர்ந்தால் வோல்ட்டேஜைத் தானாக ஏற்றும் ஏற்பாடு அது, லித்தியத்துக்கு வேண்டாத வேலை.

அதிகபட்ச சார்ஜ் கரன்ட் எவ்வளவு என்பது பேட்டரியோடு வரும் தாளில் இருக்கும். பொதுவாக 100 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரிக்கு 50 ஆம்பியருக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

கை வைப்பதற்கு முன்

வெளி பிளக்கை உருவுங்கள். சோலார் பேனல் வயரைக் கழற்றுங்கள். அப்புறம்தான் பேட்டரி, அதிலும் நெகட்டிவ் முதலில். மோதிரம், உலோக வாட்ச் எதுவும் கையில் வேண்டாம். ஸ்பேனரின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், ஸ்பேனர் அங்கேயே வெல்டு ஆகிவிடும்.

படி 1: பிளக் சார்ஜர்

வெளி மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் கன்வர்ட்டர், பழைய வண்டிகளில் பலவும் 13.6 வோல்ட்டிலேயே நிற்கும். லித்தியம் அதில் சார்ஜ் ஆகும், ஆனால் மேலே போகப் போக ஊர்ந்துதான் ஏறும். செல்கள் உச்சத்தைத் தொடாததால் பிஎம்எஸ் அவற்றைச் சமப்படுத்தவும் வாய்ப்பு வராது. அதைக் கழற்றிவிட்டு லித்தியத்துக்கான சார்ஜர் போடுங்கள். ஃபியூஸ் பெட்டியோடு சேர்ந்து வந்த கன்வர்ட்டராக இருந்தால், பெட்டியை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் சார்ஜர் பகுதியை மட்டும் மாற்ற முடியுமா என்று பாருங்கள். பல மாடல்களுக்கு அப்படிக் கிடைக்கிறது.

'லித்தியம்' என்று ஒரே ஒரு சுவிட்ச் இருக்கும் சார்ஜரைவிட, வோல்ட்டேஜை நாமே அமைக்க முடிகிற சார்ஜர் எவ்வளவோ மேல். சுவிட்ச் வகை பெரும்பாலும் 14.6-க்குப் போய் நிற்கும், நாம் குறைக்க முடியாது.

படி 2: சோலார்

இது சுலபம். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் கண்ட்ரோலரில் லித்தியம் புரொஃபைல் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, மேலே சொன்ன எண்களைச் சரிபாருங்கள். திரும்ப மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். பழைய, எளிய பிடபிள்யூஎம் வகைக் கண்ட்ரோலரில் வோல்ட்டேஜை மாற்ற வழியில்லை என்றால், பேனலிலிருந்து அதிகம் எடுக்கும் எம்பிபிடி வகை வாங்கிவிடுங்கள்.

படி 3: ஆல்டர்னேட்டர்

என் வண்டியில் அதிக நேரம் பிடித்த இடம் இது, பலர் தொடாமலேயே விட்டுவிடும் இடமும் இதுதான்.

லெட் ஆசிட் பேட்டரி நிரம்ப நிரம்ப கரன்ட்டைக் குறைத்துக்கொள்ளும். லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு. கொடுக்கிற அத்தனையையும் கிட்டத்தட்ட கடைசிவரை வாங்கிக்கொள்ளும். ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் தொடர்ந்து ஓடும்படி செய்யப்பட்டதல்ல. இஞ்சின் ஐடிலில் நிற்கும்போது அதன் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும், அந்த நேரத்தில் சூடு எகிறும். இதற்கு நடுவே பேட்டரி நிரம்பி பிஎம்எஸ் சட்டென்று துண்டித்தால், ஆல்டர்னேட்டரில் வோல்ட்டேஜ் ஒரு கணம் தாவும். அதன் டயோடுகளும் வண்டியின் எலக்ட்ரானிக்ஸும் அதற்குப் பலியாகலாம்.

இதற்குத் தீர்வு டிசி-டிசி சார்ஜர். ஆல்டர்னேட்டரிலிருந்து எவ்வளவு எடுப்பது, லித்தியத்துக்கு எந்த வோல்ட்டேஜில் கொடுப்பது என்ற இரண்டையும் அது தன் கையில் வைத்துக்கொள்ளும். விக்ட்ரான், ரெடார்க், ஸ்டெர்லிங், ரெனோஜி எனப் பலர் செய்கிறார்கள். ஃபோனிலிருந்தே எண்களை மாற்றவும் பார்க்கவும் முடிவதால் நான் விக்ட்ரான் பக்கம். ஆரம்பிப்பவர்களுக்கு 30 ஆம்பியர் போதும்.

முதல் வேலை, பழைய ஐசொலேட்டர் ரிலேவை (இஞ்சின் ஓடும்போது இரண்டு பேட்டரியையும் இணைக்கும் சுவிட்ச்) எடுப்பது. 'இருந்துவிட்டுப் போகட்டும்' என்று விடாதீர்கள். வோல்ட்டேஜ் பார்த்து இயங்கும் ரிலே ஏறத்தாழ 13.3-ல் மூடும், 12.8-க்குக் கீழே போனால் திறக்கும். லெட் ஆசிட்டுக்குச் சரி. லித்தியமோ சும்மா இருக்கும்போதே 13.2, 13.3 காட்டும். இஞ்சினை அணைத்த பிறகும் ரிலே திறக்காது. இஞ்சினின் ஸ்டார்ட்டர் பேட்டரியும், லைட்டுக்கும் பம்புக்குமான லித்தியம் பேட்டரியும் ஒட்டிக்கொண்டே கிடக்கும். அதை வைத்துக்கொண்டே டிசி-டிசி சார்ஜரையும் போட்டால், சார்ஜர் இந்தப் பக்கம் தருவதை ரிலே அந்தப் பக்கம் திருப்பி அனுப்ப, மின்சாரம் வட்டமடித்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது கேபிள். 30 ஆம்பியர் சார்ஜர் என்றால் வெளியே தருவது 30. உள்ளே 40 வரைகூட இழுக்கும். கணக்கு இதுதான்: ஒருவழி நீளத்தை மீட்டரில் எடுத்து 2-ஆல் பெருக்குங்கள், அதை ஆம்பியரால் பெருக்குங்கள், 0.0175-ஆல் பெருக்குங்கள், கடைசியில் கேபிளின் ஸ்கொயர் எம்எம்-ஆல் வகுங்கள். வருவதுதான் வழியில் தொலையும் வோல்ட்டேஜ். 6 மீட்டர், 40 ஆம்பியர், 10 ஸ்கொயர் எம்எம் செப்புக் கேபிள் என்றால் 0.84 வோல்ட். அதே தூரத்துக்கு 25 ஸ்கொயர் எம்எம் போட்டால் 0.34.

அரை வோல்ட்டுக்கு இவ்வளவு கவலையா என்று கேட்கலாம். சார்ஜர் பல, உள்ளே வரும் வோல்ட்டேஜை வைத்துத்தான் இஞ்சின் ஓடுகிறதா என்று முடிவு செய்யும். 13.1-க்குக் கீழே போனால் நிறுத்து என்று செட் ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆல்டர்னேட்டர் 13.8 தருகிறது, மெல்லிய கேபிள் 0.84-ஐ விழுங்குகிறது, சார்ஜருக்கு வந்து சேர்வது 12.96. இஞ்சின் நின்றுவிட்டது என்று நினைத்து அது அணைந்துவிடும். அணைந்ததும் கரன்ட் இல்லை, இழப்பும் இல்லை, வோல்ட்டேஜ் மறுபடி 13.8. திரும்ப ஆரம்பிக்கும், திரும்ப நிற்கும். பச்சை விளக்கு எரிந்து எரிந்து அணைவதைப் பார்த்து சார்ஜர்தான் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டரை ஸ்டார்ட்டர் பேட்டரியில் வைக்காதீர்கள், அங்கே எல்லாம் நன்றாகவே தெரியும். சார்ஜரின் இன்புட் டெர்மினலில் ஒரு முனை, அதன் நெகட்டிவ் டெர்மினலில் இன்னொரு முனை. சார்ஜர் கரன்ட் எடுத்துக்கொண்டிருக்கும்போது பாருங்கள். கரன்ட் ஓடாத நேரத்தில் அளந்தால் எல்லாக் கேபிளும் நல்ல கேபிள்தான்.

கேபிள் தடிமனாக இருந்தும் இழப்பு அதிகம் என்றால் எர்த்தைப் பாருங்கள். லக்குக்குக் கீழே பெயின்ட் இருக்கும். உலோகம் பளிச்சென்று தெரியும் வரை சுரண்டி, லக்கை இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். நான் சேஸிஸை நம்பாமல் நெகட்டிவுக்கும் தனிக் கேபிளே இழுத்திருக்கிறேன். லக் அடிக்க ஹைட்ராலிக் கிரிம்பர்தான் வேண்டும். சுத்தியலால் தட்டும் வகை இந்த கரன்ட்டுக்கு ஆகாது.

இந்த நீளக் கேபிளின் இரு முனையிலும் ஃபியூஸ் வேண்டும், ஏனென்றால் இரு முனையிலும் பேட்டரி இருக்கிறது. அளவு சார்ஜரின் கையேட்டில் இருக்கும். கேபிள் தாங்குவதற்கு மேல் போகக் கூடாது. லித்தியம் பேட்டரியின் மெயின் ஃபியூஸ் மட்டும் கிளாஸ் டி (Class T) வகையாக இருக்கட்டும். 20,000 ஆம்பியர் ஷார்ட்டைக்கூட அது துண்டிக்கும். சாதாரண ஃபியூஸ் உருகிய பிறகும் உள்ளே தீப்பொறி பாலம் போட்டுக் கரன்ட்டைக் கடத்தலாம்.

புதிய வண்டிகளில் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் இருக்கும். எரிபொருளை மிச்சப்படுத்த, ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்ட்டேஜைத் தானாக இறக்கிவிடும். அப்படியானால் வோல்ட்டேஜை நம்ப முடியாது. இக்னிஷன் ஆன் ஆனால் மட்டும் 12 வோல்ட் வரும் ஒரு வயரை எடுத்து சார்ஜரின் சிக்னல் முனையில் கொடுங்கள்.

படி 4: ஷன்ட் மானிட்டர்

லித்தியத்தில் வோல்ட்டேஜைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. பாதிக்கு மேல் காலியானாலும் 13-ஐ ஒட்டியே நிற்கும். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஷன்ட் போடுங்கள். பேட்டரி நெகட்டிவில் ஷன்ட்டைத் தவிர வேறு ஒரு வயர்கூட இருக்கக் கூடாது. ஒன்று நேரடியாகப் போனாலும் கணக்கு தப்பும். செட்டிங்கில் பியூகெர்ட் (வேகமாக எடுத்தால் கொள்ளளவு குறைவதைக் கணக்கிடும் எண்) 1.05, சார்ஜ் எஃபிஷியன்சி 99 சதவீதம், முழு சார்ஜ் வோல்ட்டேஜ் 14.0.

பின்சேர்க்கை, வாசகர்கள் கேட்டவற்றுக்காக

இழுத்துச் செல்லும் டிரெய்லர் வைத்திருப்பவர்கள்: 7 பின் சாக்கெட் வழியாக வரும் சார்ஜ் வயர் மெல்லியது, 30 ஆம்பியர் சார்ஜருக்குத் தாங்காது. 20-க்குள் இருக்கும் சார்ஜர் போடுங்கள், அல்லது அதிக கரன்ட் தாங்கும் ஆண்டர்சன் கனெக்டரோடு தனிக் கேபிள் இழுங்கள்.

உறைபனி இருக்கும் இடங்களுக்குப் போகிறவர்கள்: செல்லின் வெப்பம் 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும், செல் நிரந்தரமாகக் கெடும். குளிரில் சார்ஜைத் தடுக்கும் பிஎம்எஸ் இருக்கிறதா என்று வாங்கும் முன் கேளுங்கள். பேட்டரிக்குள்ளேயே ஹீட்டர் இருந்தால் இன்னும் நல்லது.

பேட்டரியில் 0 வோல்ட் காட்டுகிறது, செத்துவிட்டதா என்று கேட்டவருக்கு: பெரும்பாலும் இல்லை. வோல்ட்டேஜ் ரொம்ப இறங்கியதால் பிஎம்எஸ் கதவை மூடியிருக்கிறது. எல்லா லோடையும் கழற்றுங்கள். பல சார்ஜர்கள் எதிரே வோல்ட்டேஜ் தெரியாவிட்டால் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. சோலார் கண்ட்ரோலரும் பெரும்பாலும் அப்படித்தான். லித்தியத்தை எழுப்பும் வசதி உள்ள சார்ஜரை மாட்டினால் சற்று நேரத்தில் பிஎம்எஸ் திறக்கும். அந்த வசதி உங்கள் பிளக் சார்ஜரில் இருக்கிறதா என்பதை, படி 1-ல் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.