புயல் நேரத்தில் பெங்களூருவிலிருந்து ஊருக்குப் போகிறீர்களா?

ஐப்பசி, கார்த்திகையில் புதுச்சேரி, கடலூர் பக்கம் ஊருக்குக் கிளம்பும் பெங்களூருத் தமிழர்கள் பெரும்பாலும் கடற்கரையில் மழை நின்றதா என்று மட்டும்தான் பார்க்கிறோம். அது போதாது. வழியையும் பாருங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலுக்கு வெகுதூரத்தில் இருக்கும் ஊத்தங்கரையில் அதற்கப்புறம் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. கிருஷ்ணகிரி தாண்டித் திருவண்ணாமலைக்குப் போகும் நம் வழியில்தான் அந்த ஊர் இருக்கிறது. சாத்தனூர் அணை நிரம்பித் தென்பெண்ணையில் வெள்ளம் பாய, விழுப்புரம் பக்கம் நெடுஞ்சாலையே துண்டிக்கப்பட்டது.

அதனால் சில்க் போர்டில் பஸ் ஏறும் முன் வானிலை மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். கடலூருக்கு மட்டுமல்ல, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரத்துக்கும். எங்காவது சிவப்பு இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஆரஞ்சு என்றால், இரவுப் பஸ்ஸை விட்டுவிட்டுப் பகலில் போவதே என் யோசனை. இருட்டில் சாலையில் ஓடும் தண்ணீரின் ஆழம் தெரியாது.

சாத்தனூரில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்ற செய்தியையும் கவனியுங்கள். மழை விட்ட பிறகும் ஆற்றில் வெள்ளம் வரும். ரயிலை ரயில்வேயே ரத்து செய்தால் இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்கு முழுப் பணமும் தானாகத் திரும்பிவிடும், அதை நினைத்துத் தவிக்க வேண்டாம்.

அப்புறம், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவிடம் 1077 என்ற மாவட்டப் பேரிடர் உதவி எண்ணை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.