எலெக்ட்ரிக் கிட்டாரின் உடல்மேல் ஒட்ட மேப்பிள் முகப்பலகை, கட்டுப்படியான விலையில்

மேப்பிள் நம் இலங்கை மரமில்லை. கப்பலிலோ விமானத்திலோ வரவேண்டும், ஆகவே பாரம்தான் காசு. முக்கால் அங்குலத் தடிப்புக் கேட்காதீர்கள். செதுக்காத தட்டை முகத்துக்குக் கால் அங்குலம் தாராளம். 22 அங்குல நீளம், 7 அங்குல அகலத்தில் இரண்டு துண்டு. சேர்த்தே ஒரு கிலோவுக்குள் அடங்கும்.

இரண்டும் ஒரே கட்டையைப் பிளந்து புத்தகம்போல் விரித்தவையா என்று கேளுங்கள். ஸ்பிரிட் தடவிய படங்கள் இரண்டு, வெளிச்சத்தைப் பக்கம் மாற்றி எடுத்தவை, அனுப்பச் சொல்லுங்கள். மரத்தில் அலையலையாகத் தெரியும் வரிதான் அலைவரி; அது நிஜமானால், வெளிச்சம் மாறும்போது இருண்ட இடம் ஒளிரும், ஒளிர்ந்த இடம் இருளும். அந்த அழகுக்குத்தானே இத்தனை பாடு!

நான் வாங்குவது ஓரத்தில் கறுப்புக் கணு உள்ள இரண்டாந்தரம். கிட்டாரின் உருவத்தைப் படத்தின் அளவுக்குச் சுருக்கி அட்டையில் வெட்டிப் படத்தின்மேல் வையுங்கள். கணு இடுப்பு வளைவுக்கு வெளியே விழுந்தால் அறுக்கும்போதே வாளோடு போய்விடும், விலை மட்டும் குறைந்தபடி இருக்கும்.

பார்சல் வந்ததும் ஒட்டாதீர்கள். வெள்ளவத்தைக் கடற்காற்றில் என் முதல் சோடி ஒரே இரவில் கிண்ணமாக வளைந்தது. இப்போது இடையில் குச்சிகள் வைத்து, மேலே பாரம் ஏற்றி, மூன்று வாரம் விடுகிறேன். அதற்குள் மொறட்டுவைக்குப் போய் உடலுக்கு நன்றாகக் காய்ந்த மஹோகனி பார்த்துவிடலாம்.