ஃபாஸ்டெமில் பேசப் போகிறீர்களா?

திறமூல மென்பொருள் உருவாக்குபவர்களுக்காக பிரஸ்ஸல்ஸில் ஆண்டுதோறும் நடக்கும் ஃபாஸ்டெம் (FOSDEM) மாநாட்டுக்குக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. அதனாலேயே அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பினால் உள்ளே விடமாட்டார்கள். தவறவிடக் கூடாத உரை என்றால் அதற்கு முந்தைய உரைக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். இடம் கிடைக்கவில்லையா, சரி, நேரலை இருக்கிறது.

பேசுகிறவர்களுக்கு: டெமோவை இணையத்தை நம்பி வைக்காதீர்கள். வீடியோவாகப் பதிந்து மடிக்கணினியிலேயே வைத்திருங்கள். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், எழுத்து கடைசி வரிசைக்கும் தெரியட்டும். முக்கியமாக, கேள்வி கேட்பவர் கையில் பெரும்பாலும் மைக் இருக்காது. கேள்வியை நீங்கள் ஒருமுறை திரும்பச் சொன்ன பிறகு பதில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பதிவைப் பார்ப்பவர்களுக்குப் பாதி உரையாடல்தான் கிடைக்கும். அப்புறம், முடித்ததும் மேடையை அடுத்தவருக்கு விட்டுவிட்டு வராந்தாவில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். உங்கள் திட்டத்தில் சேர விரும்புகிறவர் அங்கேதான் வந்து பேசுவார்.