கோலாலம்பூர் வெயிலில் ஹேம்ஸ்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹேம்ஸ்டர் வளர்ப்பு பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது. கூண்டைக் கதகதப்பான இடத்தில் வையுங்கள் என்பார்கள். அசையாமல் கிடந்தால் பயப்படாதீர்கள், குளிர்கால உறக்கத்துக்குப் போயிருக்கும், மெல்லச் சூடேற்றுங்கள் என்பார்கள். செந்தூலில் மேற்குப் பார்த்த ஃபிளாட்டில் இருப்பவர் இதை நம்பிச் செய்தால் அந்த உயிர் பிழைக்காது. இன்னொரு பக்கம் கடைக்காரர் சொல்லும் யோசனைகள் இருக்கின்றன. அவற்றில் பாதி கடையில் தேங்கிய சரக்கை விற்பதற்கானவை. இரண்டு மூன்று ஆண்டு வாழ வேண்டிய பிராணி ஆறே மாதத்தில் போய்விட்டால், "அதோட ஆயுசு அவ்வளவுதான்" என்று சொல்லிப் பிள்ளைக்கு இன்னொன்றை வாங்கிக் கொடுக்கிறோம். பெரும்பாலும் அது ஆயுசுக் கணக்கு இல்லை. நம் வீட்டுச் சூடும் நம் வீட்டுப் பழக்கமும்தான்.

ஜோடியாக வாங்குவது

"ஒன்னு மட்டும் எடுத்தா பாவம்லா, தனியா இருக்கும். ஜோடியா எடுங்க." இரவுச் சந்தையிலோ செல்லப்பிராணிக் கடையிலோ இதைக் கேட்காமல் திரும்பியவர் குறைவு. நமக்கும் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கடைகளில் அதிகம் கிடைக்கும் பெரிய, பொன்னிற சிரியன் இனம் தனித்து வாழப் பிறந்தது. 1930இல் ஜெருசலம் ஹீப்ரு பல்கலைக்கழகத்து விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி, சிரியாவில் அலெப்போ நகருக்கு அருகே ஒரு வயலைத் தோண்டி ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் பிடித்தார். இன்று உலகம் முழுக்கக் கூண்டுகளில் இருக்கும் சிரியன் ஹேம்ஸ்டர்கள் பெரும்பாலும் அந்த ஒரே குடும்பத்தின் வாரிசுகள்தான். அந்த வயல்களில் ஒரு வளைக்கு ஒரு ஹேம்ஸ்டர்தான் இருக்கும். எத்தனை தலைமுறை கூண்டில் பிறந்தாலும் அந்தக் குணம் மாறவில்லை.

கடையில் பத்துப் பதினைந்து ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்குகிறதே என்று கேட்கலாம். அவை குட்டிகள். எட்டுப் பத்து வாரம் ஆனதும் சண்டை தொடங்கும். அதுவும் நாம் தூங்கும் நேரத்தில் நடக்கும். காலையில் பார்த்தால் ஒன்றின் பின்பக்கத்தில் கடிபட்ட காயம் இருக்கும், இல்லையென்றால் ஒன்று செத்தே கிடக்கும். விண்டர் ஒயிட், காம்பெல், ரோபோரோவ்ஸ்கி போன்ற குட்டை இனங்கள் சில வேளை சேர்ந்து வாழும். அவையும் ஒரு நாள் திடீரென்று பகையாகலாம். இரண்டாவது கூண்டு வாங்க இடமும் காசும் இல்லையென்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அது தனிமையில் வாடாது. வாடுவது நம் கற்பனை.

சண்டை வராவிட்டால் வேறொரு சிக்கல் வரும். குட்டியாக இருக்கும்போது ஆண், பெண் பிரித்தறிவது கடைக்காரருக்கே கடினம். "ரெண்டும் பொண்ணுதான்" என்று வாங்கி வந்த ஜோடி குட்டி போட்டுவிடும். சிரியனுக்குக் கர்ப்ப காலம் வெறும் 16 நாள். குட்டை இனங்களில் தாய் குட்டி போட்ட கையோடு மறுபடி கருத்தரிக்கவும் முடியும். குட்டிகளைக் கண்டதும் கூண்டைச் சுத்தம் செய்வது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை அழைத்துக் காட்டுவது, ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பது ஆகிய மூன்றும் கூடாது. பயந்துபோன தாய் தன் குட்டிகளையே தின்றுவிடும். ஆணை உடனே வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். தீனியும் தண்ணீரும் வைத்துவிட்டு இரண்டு வாரம் ஒதுங்கி இருங்கள். உப்பில்லாத அவித்த முட்டை கொஞ்சம், தவ்ஃபூ கொஞ்சம் கொடுத்தால் தாய்க்குத் தெம்பு. நான்கு வாரத்துக்குள் ஆண் குட்டிகளையும் பெண் குட்டிகளையும் பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் கணக்கு கைமீறிப் போகும்.

வெயில்

ஹேம்ஸ்டருக்கு ஏற்றது ஏறக்குறைய 18 முதல் 26 டிகிரி வரை. கோலாலம்பூரில் பகல் 32, 33 என்பது சாதாரணம். பினாங்கில் கடல் காற்று இருக்கிறதே என்று ஜெலுத்தோங் அடுக்குமாடியில் பால்கனியில் கூண்டை வைப்பவர்கள் உண்டு. பால்கனி கூடவே கூடாது. மாலை வெயில் சாய்ந்து உள்ளே விழும் அந்த ஒரு மணி நேரம் போதும், காரியம் முடிந்துவிடும்.

வெயிலடி பட்ட ஹேம்ஸ்டர் எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சூடு தாளாமல் முதலில் படுக்கையை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தரையோடு வயிற்றை ஒட்டி, கைகால் பரப்பிக் கிடக்கும். அந்த நிலையிலேயே இடத்தை மாற்றிவிட்டால் பெரும்பாலும் தேறிவிடும். அடுத்த கட்டத்தில் மூச்சு வேகமாகும், வாயோரம் எச்சில் நனைந்திருக்கும், தூக்கினால் துவண்டு விழும், சில வேளை நடுங்கும். குளிர்கால உறக்கம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது அறை குளிர்ந்து உறையும் நாடுகளில் நடப்பது. நம் ஊரில் பகலில் துவண்டு கிடக்கும் ஹேம்ஸ்டர் ஒன்று சூட்டில் வாடுகிறது அல்லது நோயில் கிடக்கிறது. நிழலான, குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோய், சாதாரணக் குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் பாதங்களையும் காதுகளையும் ஈரப்படுத்துங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது, அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். கொஞ்சம் அசைந்ததும் தண்ணீர் காட்டி, மருத்துவரிடம் ஓடுங்கள்.

மின்விசிறியை மட்டும் நம்பாதீர்கள். நமக்கு வியர்வை ஆறுவதால் காற்றுப் பட்டால் குளிர்கிறது. ஹேம்ஸ்டர் நம்மைப் போல் வியர்ப்பதில்லை, அதற்கு அது வெறும் சூடான காற்று. பகல் முழுக்க ஏர்கோன் போட முடியாதவர்கள் வீட்டிலேயே குளிர்ச்சியான அறையைக் கண்டுபிடித்துச் சுவரோரம், தரைக்குப் பக்கத்தில் கூண்டை வைக்கலாம். தண்ணீர் நிரப்பி உறைய வைத்த போத்தலைத் துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு மூலையில் வைக்கலாம். பளிங்கோ பீங்கானோ, ஒரு தரைக்கல்லை உள்ளே போட்டால் அதன்மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது மண்பானை. பொங்கல் நேரத்தில் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் சாயம் பூசாத சின்னப் பானைகள் கிடைக்கும். ஹேம்ஸ்டர் தாராளமாக நுழைந்து திரும்பும் அளவுக்கு வாய் அகன்ற ஒன்றைப் படுக்கையில் சாய்த்துப் புதைத்துவிடுங்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் குடிசையைவிட அது எவ்வளவோ மேல். பிளாஸ்டிக் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மண் அப்படிப் பிடித்து வைக்காது.

ஏர்கோன் இருந்தால் காற்று நேராகக் கூண்டில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

புகை, எறும்பு, மருந்து

இதை எந்தக் கையேட்டிலும் பார்க்க முடியாது, ஏனென்றால் எழுதியவர்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதில்லை. ஹேம்ஸ்டரின் மூச்சுக்குழல் மிக மென்மையானது. சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி எதுவும் அதற்கு ஆகாது. சாமி மேடை இருக்கும் ஹாலில் கூண்டை வைக்காதீர்கள். இடமில்லை என்றால் புகை போடும் நேரத்திலாவது அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்துங்கள். டெங்கிக் கொசுவை ஒழிக்கத் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், புகை அடிக்க வருகிறார்கள் என்றாலும் அப்படியே. சாப்பாட்டை மூடுகிறோம், மீன் தொட்டியை மூடுகிறோம், ஹேம்ஸ்டரை மறந்துவிடுகிறோம். புகைமூட்டக் காலத்தில் சன்னலைச் சாத்தி வையுங்கள்.

எறும்பு வந்தால் உடனே மருந்து டின்னை எடுக்கும் கையைக் கட்டுப்படுத்த வேண்டும். எறும்புக்குக் கோடு போடும் சாக்கட்டியும் பூச்சிமருந்துதான், கூண்டுக்குக் கிட்டே வேண்டாம். மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கும் பழைய வழியே போதும். ஈரத் தீனி மிச்சத்தை இரவோடு எடுத்துவிட்டால் எறும்பு பாதி குறையும். குட்டிகள் இருக்கும் கூண்டில் எறும்பு ஏறினால் மட்டும் பொறுத்துப் பார்க்காதீர்கள், கண் திறக்காத குட்டிகளை அவை விடாது.

கூண்டும் சக்கரமும்

இரவுச் சந்தையில் விற்கும் வண்ணக் கம்பிக் கூண்டு, எடுத்து வருவதற்கு மட்டுமே பயன்படும். நீளம் 100, அகலம் 50 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. மூடியை வெட்டி வலை வைத்த பெரிய பிளாஸ்டிக் பெட்டியே மலிவான வழி. சுவிட்சர்லாந்தில் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிரியன் ஹேம்ஸ்டர்களை 10, 40, 80 சென்டிமீட்டர் ஆழப் படுக்கைகளில் வைத்துப் பார்த்தார்கள். 10 சென்டிமீட்டரில் இருந்தவை கம்பியை அதிகம் கடித்தன, 80இல் இருந்தவை கடிக்கவே இல்லை. இரவெல்லாம் கடக் கடக் என்று கம்பி கடிக்கும் சத்தம் கேட்டால் "பல் வளருது, அதான்" என்று விடாமல் படுக்கையைக் கூட்டிப் பாருங்கள். நம் சூட்டில் ஒரு பக்கம் 20 சென்டிமீட்டராவது ஆழமாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் போட்டால், வேண்டிய பக்கத்தை அதுவே தேர்ந்துகொள்ளும். வாசனை ஏற்றிய மரச்சீவல் வேண்டாம், பஞ்சும் வேண்டாம். பஞ்சு நூல் காலில் சுற்றி இறுக்கும், தின்றால் குடலை அடைக்கும். வாசனையில்லாத டிஷ்யூவைக் கிழித்துப் போட்டால் கூடு கட்டிக்கொள்ளும்.

சக்கரம் சிரியனுக்கு 28 சென்டிமீட்டர், குட்டை இனத்துக்கு 20. ஓடும்போது முதுகு வளைந்தால் சக்கரம் சின்னது. கம்பி இடைவெளி உள்ள சக்கரத்தில் கால் மாட்டி முறியும். உள்ளே அடைத்து உருட்டிவிடும் பந்தை வாங்கியிருந்தால் தூக்கிப் போடுங்கள். அதற்குள் காற்றோட்டம் குறைவு, முட்டி மோதுவதை நாம் விளையாட்டு என்று நினைக்கிறோம்.

தண்ணீரில் குளிப்பாட்டுவதும் தவறு. தோலின் எண்ணெய் போய்விடும், ஈரத்தில் சளி பிடிக்கும். ஒரு கிண்ணத்தில் சுத்தமான மணலை வைத்தால் அதில் புரண்டு தானே சுத்தம் செய்துகொள்ளும். எலுமிச்சை வாசனைப் பொடியைக் கொடுத்து "குளியல் மணல்" என்பார்கள். பொடி மூக்குக்குள் போகும், மணல்தான் வேண்டும்.

தீனி

தீபாவளி நேரம் முறுக்கும் நெய் உருண்டையும் கூண்டுக்குள் போகும், தடுக்கவே முடியாது. முறுக்கின் உப்பு ஒரு பக்கம், கூர்முனை கன்னப்பையைக் கிழிப்பது இன்னொரு பக்கம். வெங்காயம், பூண்டு, சாக்லேட், ஆரஞ்சு வகைப் பழங்கள் வேண்டவே வேண்டாம். மாம்பழம், வாழைப்பழம் நகக்கண் அளவு எப்போதாவது. குட்டை இனங்களுக்கு, முக்கியமாகக் காம்பெலுக்கு, நீரிழிவு எளிதில் வரும். நம்மவர்களுக்குப் புரியாத நோயா அது. சூரியகாந்தி விதையை அன்றாட உணவாக்காதீர்கள், பழக்கப்படுத்தக் கையில் வைத்துக் கொடுக்க மட்டும் சில விதைகள் போதும்.

ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் விளக்கைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். விதையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒவ்வொன்றாகக் கன்னத்தில் தள்ளும். தோள் வரை நீளும் பை அது, முகம் சந்தைக்குப் போய்த் திரும்பும் பாட்டியின் துணிப்பை மாதிரி உப்பிவிடும். பிறகு மூலைக்குப் போய், முன்னங்கைகளால் கன்னத்தைப் பின்னிருந்து முன்னே தள்ளித் தள்ளி எல்லாவற்றையும் கொட்டும். கொட்டியதைப் படுக்கையால் மூடிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்பது போல் நிமிர்ந்து நிற்கும். இதற்காகவே வளர்க்கலாம்.

பகலில் எழுப்பினால் இந்த வேடிக்கை எதுவும் கிடைக்காது, கடிதான் கிடைக்கும். கறியும் மீனும் சாப்பிட்ட விரலை நீட்டினால் அதைத் தீனி என்று நினைத்தும் கடிக்கும், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடுங்கள். அதற்குக் கண்பார்வை மங்கல், உயரம் தெரியாது. பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தே எடுக்கட்டும்.

தப்பி ஓடினால் பீரோவை எல்லாம் நகர்த்தி நசுக்கிவிடாதீர்கள். பூனையை அடைத்துவிட்டு, இரவில் அறைக்கு அறை கொஞ்சம் விதையை வைத்துச் சுற்றிலும் மாவு தூவுங்கள். காலடித் தடம் எந்த அறை என்று காட்டிவிடும். குளிர்பதனப் பெட்டியின் பின்புறமும் துணி துவைக்கும் இயந்திரத்தின் அடியும் அதற்குப் பிடித்த இடங்கள். பாட்டி எலிப்பொறி வைத்திருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள்.

மருத்துவரும் ஊர்ப் பயணமும்

நாய், பூனை பார்க்கும் எல்லாக் கிளினிக்கிலும் ஹேம்ஸ்டர் பார்க்க மாட்டார்கள். வாங்குவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டு வையுங்கள். மருத்துவக் கட்டணம் பிராணியின் விலையைவிடக் கூடுதலாகத்தான் வரும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். புதிதாக வாங்கி வந்த குட்டிக்கு வால் பக்கம் ஈரமாக, நாற்றத்தோடு வயிற்றுப்போக்கு இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், இரண்டே நாளில் போய்விடும். முன்பற்கள் மஞ்சளாக இருப்பதைப் பார்த்து மட்டும் பதற வேண்டாம், அதுதான் ஆரோக்கியம்.

வேண்டாம் என்று ஆனால் தித்திவாங்சா ஏரிப் பூங்காவில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரி: அன்று மாலைக்குள் காக்கையோ பூனையோ தூக்கிவிடும். 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தில் விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம் இருக்கிறது.

தைப்பூசத்துக்கு ஊருக்குப் போவதானால் ஒரே ஓர் இரவுக்கு இரண்டு தண்ணீர்ப் போத்தல்களும் உலர் தீனியும் வைத்துவிட்டுப் போகலாம். போத்தல் குழாயின் நுனியில் உள்ள சிறு குண்டை விரலால் தட்டிப் பாருங்கள், அடைத்திருந்தால் நிறைந்த போத்தலும் வீண். அதற்கு மேல் என்றால் காரில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், ஓய்வுநிலையத்தில் சாப்பிட இறங்கும் பத்து நிமிடத்தில் கார் அடுப்பாகிவிடும். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் கொடுங்கள். எவ்வளவு தீனி, எப்போது என்பதைத் தாளில் எழுதிக் கூண்டிலேயே ஒட்டிவிடுங்கள். வாயால் சொன்னால் அவர் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, பாசத்தில் பாலில் நனைத்த பிஸ்கட்டைத்தான் கொடுப்பார்.