மைன்கிராஃப்ட்டில் பிக்சல் ஓவியம்: தாளில் தொடங்கி வரைபடம் வரை

கனசதுர பிளாக்குகளை அடுக்கிக் கட்டும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்ட்டில் பிக்சல் ஓவியம் (ஒரு கட்டத்துக்கு ஒரு பிளாக் என வைத்து உருவாக்கும் படம்) எழுப்ப நினைப்பவர்களில் பலர் கையில் கிடைத்த கம்பளி பிளாக்குகளோடு நேரே சுவரை எழுப்பத் தொடங்கிவிடுகிறார்கள். பாதி உயரம் வந்த பிறகுதான் முகம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பது தெரிய வருகிறது. வேலையில் பெரும்பகுதி கட்டம் போட்ட தாளிலேயே முடிந்திருக்க வேண்டும்.

முதல் படமாக 1978இல் வெளியான ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டின் நண்டு வடிவ எதிரியை எடுத்துக்கொள்ளலாம். அதன் அகலம் 11 கட்டம், உயரம் 8 கட்டம். மேலிருந்து வரிசைவாரியாக எண்ணினால் 2, 2, 7, 7, 11, 9, 4, 4 என மொத்தம் 46 பிளாக்குகள் வரும். பின்னணியையும் நிரப்புவதானால் வேறொரு நிறத்தில் 42 வேண்டும். அகலம் ஒற்றைப்படை என்பதால் ஆறாவது நெடுவரிசையே நடுக்கோடு. தரையில் அந்த இடத்தில் ஓர் அடையாளம் வைத்து, இரு பக்கமும் அங்கிருந்தே எண்ணிக்கொண்டு போனால் உருவம் கோணாது.

படத்தைப் பெரிதாக்க வேண்டுமானால் முழு எண்ணால்தான் பெருக்க முடியும். ஒரு கட்டத்துக்கு இரண்டுக்கு இரண்டு எனக் கொண்டால் 46 என்பது 184 ஆகும். மூன்றுக்கு மூன்று என்றால் 414. ஒன்றரை மடங்குக்கு முயன்றால் சில கட்டங்கள் தடித்தும் சில மெலிந்தும் போய்விடும்.

கம்பளி, கான்கிரீட், சாயமேற்றிய டெரகோட்டா ஆகிய மூன்றும் 16 நிறங்களில் கிடைக்கின்றன. தெளிவான, அடர்த்தியான நிறத்துக்குக் கான்கிரீட்டே என் தேர்வு. பொருட்களை நாமே சேகரிக்க வேண்டிய சர்வைவல் முறையில் 4 மணல், 4 சரளை, 1 சாயம் சேர்த்தால் 8 கான்கிரீட் பொடி கிடைக்கும். தண்ணீர் பட்டதும் அது இறுகிவிடும். கம்பளியைச் சட்டென்று உடைத்து மாற்றலாம் என்றாலும் அது தீப்பிடிக்கும்; எரிமலைக் குழம்புக்கு அருகில் அதை வைக்கக் கூடாது. மங்கிய மண் நிறம் கொண்ட டெரகோட்டா, தோல் நிறங்களுக்கு நன்றாகப் பொருந்தும்.

சுவரின் திசையையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். வடக்கு, தெற்கு நோக்கிய பக்கங்கள் கிழக்கு, மேற்குப் பக்கங்களைவிடச் சற்று வெளிச்சமாகக் காட்டப்படுவதால், அதே கான்கிரீட் திசை மாறினால் மங்கித் தெரியும்.

அடுக்கும்போது பிளாக் கீழே விழுமோ என்ற கவலை வேண்டாம். மணல், சரளை, கான்கிரீட் பொடி போன்ற சிலவற்றைத் தவிர மற்றவை அந்தரத்திலும் நிற்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பிளாக்கை வைப்பதற்கு வேறொரு பிளாக்கின் பக்கப்பரப்பு தேவை. நண்டின் கொம்பு நுனிகள் கீழ்வரிசையோடு மூலையில் மட்டுமே தொடுகின்றன; ஆகவே பின்னணி இல்லாமல் கட்டினால் அந்த இடத்தில் மண் பிளாக் ஒன்றைத் தற்காலிகமாக வைத்து, நுனியைப் பொருத்திய பின் அதை எடுத்துவிட வேண்டும்.

தரையில் படுக்க வைத்துக் கட்டி, கையிலுள்ள வரைபடத்தில் பார்ப்பது இன்னொரு முறை. பெரிய படங்களுக்கு இதுவே சிறந்தது. விரிவாக்காத வரைபடம் 128க்கு 128 பிளாக் பரப்பைக் காட்டும். அதை முழுவதும் நிரப்ப 16,384 பிளாக்குகள், அதாவது 64 கொண்ட 256 அடுக்குகள் வேண்டும். கம்பளமும் கம்பளியும் வரைபடத்தில் ஒரே நிறமாகவே தெரியும். 2 கம்பளிக்கு 3 கம்பளம் கிடைப்பதால் சிக்கனம் பார்ப்பவர்கள் கம்பளத்தையே விரிக்கிறார்கள். வரைபடத்தின் எல்லை நாம் நிற்கும் இடத்தை மையமாகக் கொள்வதில்லை. அது நிலையான கட்டத்தில் அமைந்தது, எடுத்துக்காட்டாக ஒரு கட்டம் எக்ஸ் (கிழக்கு-மேற்கு), இசட் (வடக்கு-தெற்கு) ஆயத்தொலைவுகள் இரண்டிலும் -64 முதல் 63 வரை செல்லும். ஆகவே முதலில் வெற்று வரைபடத்தைத் திறந்து, நான்கு மூலைகளிலும் அடையாளம் வைத்துவிட்டே நிறங்களைத் தொட வேண்டும்.

வரைபடத்தில் ஒவ்வொரு பிளாக்கின் நிறச்சாயலும் அதன் வடக்கே உள்ள பிளாக்கின் உயரத்தோடு ஒப்பிட்டே முடிவாகிறது. படம் முழுவதும் சமதளமாக இருந்தாலும், எல்லைக்கு வடக்கே ஒரு வரிசையை அதே உயரத்தில் கூடுதலாகப் போடாவிட்டால் முதல் வரிசை மட்டும் நிறம் மாறி நிற்கும். எல்லாம் சரியாக வந்ததும் வரைபட மேசையில் கண்ணாடிப் பலகம் ஒன்றைச் சேர்த்து அந்த வரைபடத்தைப் பூட்டிவிடலாம். அதன்பின் தரையிலுள்ள பிளாக்குகளை எடுத்து அடுத்த படத்துக்குப் பயன்படுத்தினாலும் அது மாறாது.