1/24 அளவு ஜாகுவார் ஈ-டைப்: உட்புறத்துக்கு வண்ணம் தீட்டும் முறை

பழைய கார்களின் ஸ்கேல் மாடல்களைச் செய்பவர்கள் பலரும் வெளிப்பூச்சுக்கு வாரக்கணக்கில் உழைத்துவிட்டு, உட்புறத்தை ஒரே கறுப்பில் முக்கி எடுத்ததுபோல் முடித்துவிடுகிறார்கள். அப்படி முடிந்த மாடலைக் கண்ணாடி வழியே பார்த்தால் தோல் எது, ரப்பர் எது, கம்பளம் எது என்று தெரியாது. எல்லாம் பிளாஸ்டிக்காகவே தெரியும். உட்புறத்தை நம்பும்படி செய்வதில் நிறத்துக்கு உள்ள பங்கைவிடப் பளபளப்பின் அளவுக்கு உள்ள பங்கு பெரிது என்பது என் உறுதியான கருத்து. தோல் மென்மையாக மினுங்கும், கம்பளம் ஒளியை விழுங்கும், ரப்பர் மங்கித் தெரியும், அலுமினியம் வெளிறி ஒளிரும், மெருகேற்றிய மரம் ஈரமாக இருப்பதுபோல் பளபளக்கும். இந்த ஐந்தும் ஒருசேர அமைந்த கார் என்பதால், பிரிட்டிஷ் விளையாட்டுக் காரான ஜாகுவார் ஈ-டைப்பின் முதல் தொடரை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

தூரிகையைத் தொடுவதற்கு முன் எந்த ஆண்டு வண்டியைச் செய்கிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். ஈ-டைப் 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமானது. தொடக்கத்தில் அதற்கு 3.8 லிட்டர் எஞ்சின் இருந்தது, 1964-இல் 4.2 லிட்டர் வந்தது. உட்புறம் தீட்டுபவருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது, ஏனெனில் தொடக்க கால வண்டிகளில் டாஷ்போர்டின் நடுப்பலகை நுண்ணிய புள்ளி வேலைப்பாடு கொண்ட அலுமினியத் தகட்டால் ஆனது, பிற்கால வண்டிகளில் அதே இடம் கறுப்பாகிவிட்டது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1963-ஆம் ஆண்டுத் திறந்த ஈ-டைப் ஒன்று இருக்கிறது. அத்தகைய அருங்காட்சியக வண்டிகளின் படங்களை முதலில் பாருங்கள். புதுப்பிக்கப்பட்ட வண்டிகளின் படங்களை மட்டும் நம்புவது நல்லதல்ல. தோலின் நிறமும் தையலும் உரிமையாளரின் விருப்பப்படி மாற்றப்பட்டிருக்கலாம்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். உண்மைக் காரில் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டீயரிங் சக்கரம் 1/24-இல் 17 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு மானி 2 மில்லிமீட்டர் புள்ளியாகிவிடும். இவ்வளவு சிறிய பரப்பில் தூய கறுப்பும் தூய வெள்ளையும் கண்ணை உறுத்தும். ஆகவே கறுப்பு வேண்டிய இடங்களில் அடர்சாம்பலையும், வெள்ளை வேண்டிய இடங்களில் வெளிறிய தந்த நிறத்தையும் பயன்படுத்துவதே முறை. மேற்கூரை மூடிய கூப்பே வகையைச் செய்தால் உள்ளே ஒளி குறைவாகவே போகும் என்பதால், எல்லா நிறங்களையும் இன்னும் ஒரு படி வெளிறச் செய்துகொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் பாகங்களை, அவை இணைந்து வரும் சட்டத்திலிருந்து வெட்டுவதற்கு முன்பே பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசலில் கழுவி உலர்த்திவிடுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை போகாவிட்டால் வண்ணம் பின்னாளில் தோலுரியும். இருக்கையின் விளிம்புகளிலும் ஸ்டீயரிங் வளையத்திலும் ஓடும் அச்சுக்கோட்டைக் கத்தி முனையால் சுரண்டி, 800 எண் உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யுங்கள். இருக்கை சிவப்பாக இருக்க வேண்டுமானால் அதற்கு வெள்ளை ப்ரைமரே (வண்ணத்துக்கு அடியில் பூசும் முதல் பூச்சு) சரி. சாம்பல் ப்ரைமரின் மேல் சிவப்பு மங்கிப்போகும். மற்ற பாகங்களுக்குச் சாம்பல் போதும்.

இருக்கைகளுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். கண்ணாடி வழியே பார்ப்பவரின் கண் முதலில் போய் நிற்பது அங்கேதான். தமியா நிறுவனத்தின் அக்ரிலிக் வண்ணங்களில் எக்ஸ்எஃப்-7 என்ற எண்ணுள்ள சிவப்புடன் எக்ஸ்எஃப்-9 என்ற பழுப்புச் சிவப்பைக் கொஞ்சம் கலந்தால், பழைய தோலுக்குரிய ஆழ்ந்த சிவப்பு கிடைக்கும். தமியா அக்ரிலிக்கைக் கையால் பூசும்போது இரண்டாம் பூச்சு முதல் பூச்சைக் கரைத்து இழுக்கும் என்பதால், அதை ஏர்பிரஷால் (காற்றழுத்தத்தில் வண்ணம் தெளிக்கும் கருவி) மெல்லிய படலங்களாக அடிப்பதே நல்லது. ஏர்பிரஷ் இல்லாதவர்கள் வல்லேஹோ நிறுவனத்தினுடையது போன்ற, தூரிகைக்கு ஏற்ற நீர்வழி அக்ரிலிக்கைப் பாலைப்போல் நீர்க்கக் கரைத்து, ஒவ்வொரு படலமும் உலர்ந்த பிறகு அடுத்ததைப் பூசலாம்.

அடிநிறம் ஒரு நாள் நன்றாகக் காய்ந்தபின், இருக்கையின் மடிப்புக்கோடுகளில் அடர்பழுப்பு எனாமலை (எண்ணெய்வழி வண்ணம்) ஒயிட் ஸ்பிரிட் என்ற கரைப்பானில் மிக நீர்க்கக் கலந்து ஓட விடுங்கள். தூரிகை முனையில் ஒரு துளியை எடுத்துக் கோட்டின் ஒரு முனையில் தொட்டால் போதும். வண்ணம் தானாகவே பள்ளம் வழியே ஓடிவிடும். வெளியே வழிந்ததை, ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்து ஏறக்குறைய உலர்த்திய தட்டைத் தூரிகையால், மடிப்புக்குக் குறுக்காக ஒரே திசையில் துடைத்தெடுங்கள். அக்ரிலிக் அடிநிறத்தை ஒயிட் ஸ்பிரிட் கரைக்காது. இங்கே எனாமலைத் தேர்ந்தெடுப்பதற்கு அதுவே காரணம். கறுப்பில் இந்த வேலையைச் செய்தால் கோடுகள் மையால் வரைந்தவைபோல் நிற்கும். அடிநிறத்தின் அடர்ந்த சாயலே தோலுக்குப் பொருந்தும்.

அடுத்து, அடிநிறத்தில் சிறிது மனிதத் தோல் நிறத்தைக் கலந்து, தூரிகையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, மடிப்பு மேடுகளின் மேல் மட்டும் மெதுவாக உராயுங்கள். கடைசியில் முழு இருக்கைக்கும் அரைப்பளபளப்பு வார்னிஷ் ஒரு படலம். ஓட்டுநர் ஏறி இறங்கும்போது உரசும் கதவுப்பக்க விளிம்பில் மட்டும் பளபளப்பு வார்னிஷை ஒரு தீற்றல் சேர்த்தால், பல ஆண்டுகள் உட்கார்ந்து தேய்ந்த தோல் கண்முன் வந்துவிடும். இந்த ஒரு தீற்றலுக்கு ஈடான வேலை உட்புறத்தில் வேறில்லை என்பேன்.

ஸ்டீயரிங் சக்கரம் மர வளையமும், துளையிட்ட மூன்று அலுமினிய ஆரங்களும் கொண்டது. கிட்டில் (கடையில் வாங்கும் மாடல் பாகத் தொகுப்பில்) அந்தத் துளைகள் வெறும் குழிகளாக இருந்தால், 0.5 மில்லிமீட்டர் துரப்பண ஊசியை விரல்களுக்கிடையே உருட்டித் துளைத்துவிடுங்கள். துளை வழியே பின்னால் இருப்பது தெரியும்போது சக்கரம் மெலிந்து உண்மையாகிவிடும். வளையத்துக்கு முதலில் வெளிர்மஞ்சள் பழுப்பைப் பூசுங்கள். அது காய்ந்ததும் ஓவியர்கள் பயன்படுத்தும் பர்ன்ட் அம்பர் எண்ணெய் வண்ணத்தைக் கடுகளவு எடுத்து, வளையத்தின் வளைவை ஒட்டியே இழுத்துத் துடைத்தால் மர ரேகை உருவாகும். ரேகை குறுக்கே போகக் கூடாது, ஏனெனில் உண்மை வளையம் நீளவாக்கில் ஒட்டிய மரப்பட்டைகளால் ஆனது. எண்ணெய் வண்ணம் காய இரண்டு மூன்று நாளாகும், அவசரப்பட வேண்டாம். அதன்மேல் தமியாவின் எக்ஸ்-26 என்ற ஒளிபுகும் ஆரஞ்சை ஒரு மெல்லிய படலமும், அதற்கும் மேல் பளபளப்பு வார்னிஷை இரண்டு படலங்களும் கொடுத்தால் மெருகேற்றிய மரம் கிடைத்துவிடும். ஆரங்களை இதற்குப் பிறகுதான் வெள்ளியால் தீட்ட வேண்டும்.

டாஷ்போர்டில் முதலில் முழுப்பலகைக்கும் அடர்சாம்பல் கலந்த அரைப்பளபளப்புக் கறுப்பு. 3.8 லிட்டர் வண்டியென்றால், நடுப்பலகையை மாஸ்கிங் டேப்பால் பிரித்து எக்ஸ்எஃப்-16 அலுமினியத்தை அடியுங்கள். புள்ளி வேலைப்பாட்டை இந்த அளவில் வரைய முயன்றால் அழுக்காகவே தெரியும். மங்கிய அலுமினியமே போதும். மானிகளுக்குக் கிட்டில் வரும் டீகாலை (நீரில் நனைத்து ஒட்டும் அச்சிட்ட மெல்லிய படம்) பயன்படுத்துங்கள். டீகால் ஒட்டும் இடத்தில் முன்கூட்டியே பளபளப்பு வார்னிஷ் பூசியிருந்தால், அதன் விளிம்பு வெள்ளையாகத் தெரியாது. டீகாலை மென்மையாக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டால் மானியின் பள்ளத்தில் அது படிந்து உட்காரும். அந்த நேரத்தில் விரலால் தொடாதீர்கள், கிழிந்துவிடும். மானியின் வளையத்தைப் பல்குச்சி முனையில் வெள்ளி வண்ணம் தொட்டுச் சுற்றி வரைந்து, நடுவில் ஒளிபுகும் வார்னிஷை ஒரு துளி விட்டால் அதுவே மானிக் கண்ணாடி. ஓட்டுநர் எதிரே வேகமானியும் எஞ்சின் சுழற்சிமானியும் பெரியவை. நடுவில் உள்ளவை சிறியவை. நடுப்பலகையின் கீழ்வரிசைச் சுவிட்சுகளின் முனைகளை ஊசி முனையால் மட்டும் தொடுங்கள்.

கம்பளத்துக்கு, தரையின் நிறத்திலேயே நீர்க்காத அக்ரிலிக்கைத் தடித்துப் பூசி, ஈரமாக இருக்கும்போதே விறைத்த தூரிகையால் குத்திக் குத்தி எடுத்தால் சொரசொரப்பு வந்துவிடும். கடையில் கிடைக்கும் பஞ்சுத்தூளைத் தூவுவதும் உண்டு. ஆனால் இழை நீளமானால் 1/24-இல் கம்பளம் புல்வெளியாகிவிடும். மிதிகளின் ரப்பருக்கு எக்ஸ்எஃப்-85 என்ற ரப்பர் கறுப்பு, தண்டுகளுக்கு மங்கிய வெள்ளி. கம்பளத்துக்கும் ரப்பருக்கும் முழுமையான மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் வேண்டும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் மழைநாளில் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தால் ஈரம் சேர்ந்து வெள்ளையாகப் பூத்துவிடும். வெயில் ஏறிய உலர்ந்த நாளுக்குக் காத்திருங்கள், இல்லையேல் தூரிகையால் பூசுங்கள்.

எல்லாம் காய்ந்தபின் ஒட்டாமலே ஒருமுறை பொருத்திப் பார்த்து, முன்கண்ணாடியை மேலே வைத்து, அறை வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு பரப்புகள் ஒன்றோடொன்று கலந்து தெரிந்தால், வார்னிஷை மாற்றிப் பூச இதுவே கடைசி வாய்ப்பு. பிறகு தரை, இருக்கை, டாஷ்போர்டு, ஸ்டீயரிங் என்ற வரிசையில் ஒட்டுங்கள். உடனே பிடிக்கும் சூப்பர் பசையைக் கண்ணாடிப் பாகங்களுக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படியும், வண்டியை மூடிய பின் அதைத் துடைக்க வழியில்லை. கண்ணாடிக்கு வெள்ளைப் பசையே சரி, அது உலர்ந்ததும் தெளிந்துவிடும். கண்ணாடியின் உட்புறத்திலுள்ள கைரேகையையும் தூசியையும் மென்துணியால் துடைத்துவிட்டுப் பிறகு மேல்பாகத்தை மூடுங்கள்.