காணிக்கை கொடுக்குறதுலயும் வாக்குத்தத்தத்தை நம்புறதுலயும் நாம பண்ற தவறுகள்

சில வருஷத்துக்கு முன்னாடி எனக்கு வேலை போயிடுச்சு. கையில ரெண்டு மாச வாடகைக்கு மட்டும்தான் பணம் இருந்துச்சு. அந்த சமயத்துல ஒரு ஜெபக்கூட்டத்துல, இன்னைக்கு ராத்திரி விசுவாச விதை, அதாவது நம்பி கொடுக்குற காணிக்கை, விதைக்கிறவங்களுக்கு 30 நாளைக்குள்ள கதவு திறக்கும்னு மைக்ல சொன்னாங்க, நான் அழுதுகிட்டே இருந்த பணத்துல பாதிக்கு மேல கவர்ல போட்டு கொடுத்துட்டு வந்தேன். அப்புறம் காலண்டர்ல ஒவ்வொரு நாளா பேனாவால அடிச்சுகிட்டு வந்தேன். 30 முடிஞ்சுது, 31 வந்துச்சு, வேலை வரல. எனக்கு கர்த்தர் மேலதான் கோபம். சபையில மூத்த அக்கா ஒருத்தங்ககிட்ட போய், "வாக்குத்தத்தம் பொய்யாயிடுச்சே அக்கா"ன்னு அழுதேன். அவங்க கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "தம்பி, அந்த 30 நாள்ங்கிறது பைபிள்ல எந்த வசனத்துல இருக்கு?"ன்னு கேட்டாங்க.

என்கிட்ட பதில் இல்ல. கர்த்தர் சொல்லாத ஒண்ணை அவர் சொன்னதா நம்பிட்டு, அது நடக்கலன்னு அவர்கிட்டயே சண்டை போட்டிருக்கேன். அதுக்கப்புறம்தான் கொடுக்குறதைப் பத்தி வேதத்துல இருக்கறதை எல்லாம் உட்கார்ந்து முழு அதிகாரமா படிக்க ஆரம்பிச்சேன். என்னை மாதிரி அடிபட்டவங்க நிறைய பேரை அப்புறம் பார்த்தேன், அதனாலதான் இதை எழுதுறேன்.

முதல் தவறு, எல்லாத்துக்கும் வேரே இதுதான், காணிக்கையை கடவுளோட போடுற டீலா நினைக்கிறது. நான் இவ்வளவு போடுறேன், நீர் இவ்வளவு தரணும். ரோமர் 11:35ல பவுல் கேட்கிறாரு, தனக்கு பதில் கிடைக்கும்படி முந்தி அவருக்கு ஒன்றைக் கொடுத்தவன் யார்னு. யாருமே இல்ல. ஏன்னா நம்ம கையில இருக்கறதே அவர் கொடுத்ததுதான். தேவாலயம் கட்ட தாவீது பொன்னும் வெள்ளியுமா குவிச்சு வெச்சாரு, ஜனங்களும் கொடுத்தாங்க, அவ்வளவு பெரிய காணிக்கைக்கு அப்புறம் அவர் பண்ண ஜெபம் 1 நாளாகமம் 29:14ல இருக்கு: "உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்." இதை நிஜமா நம்புறவனுக்கு கர்த்தர் எனக்கு கடன்பட்டிருக்காருங்கிற நினைப்பே வராது. சங்கீதம் 50ல கர்த்தரே சொல்றாரு, நான் பசியா இருந்தா உனக்கு சொல்ல மாட்டேன், பூமியும் அதின் நிறைவும் என்னுடையதுன்னு. சமாரியாவுல மாயவித்தை பண்ணிட்டு இருந்த சீமோன் பணத்தைக் கொண்டுவந்து, ஆவியைக் கொடுக்குற அதிகாரத்தை எனக்கும் கொடுங்கன்னு கேட்டப்போ பேதுரு அதை காணிக்கையா எடுத்துக்கல, உன் பணம் உன்னோட நாசமாப் போகட்டும்னு முகத்துக்கு நேரா சொன்னாரு (அப்போஸ்தலர் 8). எலிசா தீர்க்கதரிசியும் அப்படித்தான், குஷ்டம் நீங்கின நாகமான் கட்டாயப்படுத்தியும் ஒண்ணும் வாங்கல. பின்னாடியே ஓடிப்போய் வாங்கின அவரோட வேலைக்காரன் கேயாசி என்ன ஆனான்னு 2 இராஜாக்கள் 5ல படிச்சுப் பாருங்க.

அப்போ விதைக்கிறது அறுக்கிறதுன்னு பவுலே சொல்றாரேன்னு கேப்பீங்க. ஆமா, சொல்றாரு. 2 கொரிந்தியர் 9:6, பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான். ஆனா 6ஆம் வசனத்தோட நிறுத்திடறோம், 8லயிருந்து 11 வரைக்கும் போறதில்ல. அங்க அறுப்பு எதுக்குன்னு தெளிவா இருக்கு, எல்லா நற்கிரியைகள்லயும் பெருகணும், நீதியின் விளைச்சல் வரணும், மறுபடியும் தாராளமா கொடுக்கணும். விதைக்கிறவனுக்கு தேவன் மறுபடியும் விதை கொடுக்கிறாரு, ஏன்னா அவன் மறுபடியும் விதைக்கப் போறான். எருசலேம்ல இருந்த ஏழை விசுவாசிகளுக்காக பவுல் பணம் சேர்த்துட்டு இருந்த நேரத்துல எழுதின வார்த்தை இது. பசியில இருக்கறவங்களுக்கு சேர்க்குறதைப் பத்தி எழுதினதை, நான் ஒண்ணு போட்டு நூறு எடுக்குறதுக்கான சூத்திரமா மாத்தினா அது அந்த வசனத்துக்கு பண்ற அநியாயம்.

அடுத்தது, வசனத்தை பாதியில வெட்டி எடுக்குறது. இதுல அதிகமா அடிவாங்குறது மல்கியா 3:10. தசமபாகங்களையெல்லாம் (விளைச்சல்ல பத்துல ஒரு பங்கு) பண்டகசாலையிலே கொண்டுவாருங்கள், வானத்தின் பலகணிகளைத் திறப்பேன்னு நமக்கு மனப்பாடம். அந்த பண்டகசாலை என்ன? ஆலய வேலை பார்த்த லேவியருக்கு மத்த கோத்திரம் மாதிரி நிலம் சுதந்தரமா கிடைக்கல, எண்ணாகமம் 18ன்படி இஸ்ரவேலர் கொடுக்குற தசமபாகம்தான் அவங்களுக்கு சாப்பாடு. தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் தேவாலயத்து அறைகள்ல சேர்த்து வெப்பாங்க. அது நின்னா என்ன ஆகும்னு நெகேமியா 13:10ல இருக்கு, பங்கு கிடைக்காத லேவியரும் பாடகரும் அவங்கவங்க வயலுக்கு ஓடிப்போயிட்டாங்க, ஆலயம் வெறிச்சோடிப் போச்சு. இதோட உபாகமம் 14:28, 29 சேர்த்து படிங்க, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை அந்த தசமபாகத்தை ஊர் வாசலுக்குள்ள வெச்சு லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை எல்லாரும் வந்து திருப்தியா சாப்பிடணும். தசமபாகம்னா அன்னைக்கு ஒருத்தன் வயித்துல சோறு.

அதே மல்கியா 3ல 5ஆம் வசனம் இருக்கு, அதை யாரும் ஸ்டேட்டஸ்ல போட்டு நான் பார்க்கல. கூலிக்காரனோட கூலியை அபகரிக்கிறவங்களுக்கும் விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குறவங்களுக்கும் விரோதமா நான் தீவிரமான சாட்சியா வருவேன்னு கர்த்தர் சொல்றாரு. வேலைக்காரங்களுக்கு சம்பளத்தை இழுத்தடிச்சுட்டு 10ஆம் வசனத்தை க்ளெய்ம் பண்றது நடக்காத காரியம், 5ஐ தாண்டித்தான் 10க்கு வர முடியும்.

லூக்கா 6:38ம் இப்படித்தான். கொடுங்கள், அப்பொழுது உங்களுக்கும் கொடுக்கப்படும், அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படின்னு காணிக்கை நேரத்துல தவறாம வாசிப்போம். அதுக்கு முந்தின ரெண்டு வசனம் இரக்கமுள்ளவர்களாயிருங்கள், குற்றவாளின்னு தீர்க்காதிருங்கள், விடுதலை பண்ணுங்கள். கொஞ்சம் முன்னாடி போனா, திருப்பி வரும்னு நம்பாம கடன் கொடுங்கன்னு இயேசு சொல்லியிருக்காரு. பணமும் அதுல அடங்கும்தான், நான் மறுக்கல, ஆனா கூடப்பிறந்தவனை மன்னிக்காம பத்து வருஷம் பேசாம இருந்துட்டு பணத்துக்கு மட்டும் அந்த அளவைப் பிடிச்சா எப்படி?

பிலிப்பியர் 4:19 எனக்கு ரொம்ப பிடிச்ச வாக்குத்தத்தம், என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார். இதை எழுதினப்போ பவுல் கட்டுண்டு காவல்ல இருக்காரு. அவர் தேவைக்கு பிலிப்பி சபை எப்பாப்பிரோதீத்துங்கிற தங்க ஆள் கையில உதவி அனுப்பி வெச்சிருக்காங்க. மக்கெதோனியா சபைகள் எல்லாம் கொடிய தரித்திரத்துல இருந்தவங்கன்னு 2 கொரிந்தியர் 8ல அவரே சொல்றாரு, பிலிப்பியும் அதுல ஒண்ணு. தன் தேவையை விட்டுட்டு கொடுத்தவங்களுக்கு சொன்ன ஆறுதல் இது, வார்த்தையும் குறைவுங்கிறதுதான், ஆசைன்னு இல்ல. அதே அதிகாரத்துல கொஞ்சம் முன்னாடி தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும், பட்டினியாயிருக்கவும் போதிக்கப்பட்டேன்னு சொல்றாரு. 19ஆம் வசனத்தை எழுதின மனுஷனே பட்டினி கிடந்திருக்காரு. அப்போ கஷ்டமே வராதுங்கிறது இதுக்கு அர்த்தமா இருக்கவே முடியாது, அந்தக் கஷ்டத்துக்குள்ளயும் தேவன் கைவிட மாட்டாருன்னுதான் அர்த்தம். எபிரெயர் 13:5ல "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை"ன்னு இருக்கே, அந்த வசனம் பண ஆசையில்லாம நடங்க, இருக்கறது போதும்னு எண்ணுங்கன்னுதான் ஆரம்பிக்குது. பண விஷயத்துல நமக்கு கொடுத்திருக்கற பெரிய வாக்குத்தத்தம் அவரே கூட இருப்பாருங்கிறதுதான்.

1 இராஜாக்கள் 17ல வர்ற சாறிபாத் ஊர் விதவை கதையில எனக்கு ஒண்ணு அப்படியே நெஞ்சுல நிக்குது. பானையில ஒரு பிடி மா, கலசத்துல கொஞ்சம் எண்ணெய். பஞ்ச காலத்துல வந்து கேட்ட எலியா தீர்க்கதரிசிக்கு முதல்ல ஒரு சின்ன அடை செஞ்சு கொடுத்தா. கர்த்தர் அவளுக்கு பத்து மூட்டை மாவை வாசல்ல இறக்கல. மழை வர்ற நாள் வரைக்கும் பானை காலியாகாதுன்னு மட்டும்தான் சொன்னாரு. ஒவ்வொரு நாள் காலையிலயும் அவ பானைக்குள்ள கைய விட்டுப் பார்த்திருப்பா, இருந்திருக்கும், நாளைக்கு மறுபடியும் நம்பித்தான் கைய விடணும். எங்க வீட்டுல அந்த வேலை இல்லாத மாசங்கள் சரியா இப்படித்தான் போச்சு, ஒரு மாசத்துக்கு சேர்த்து எதுவும் வரல, ஆனா ஒரு நாள்கூட பட்டினி இல்ல. நான் காலண்டரையே பார்த்துட்டு இருந்ததால அப்போ எனக்கு அது தெரியல.

நம்புறதுன்னா கணக்கே பார்க்கக்கூடாதுன்னு நினைக்கிறதும் தவறு. வாரத்தோட முதல் நாள்ல அவனவன் தன் வரவுக்குத் தக்கபடி சேர்த்து வைக்கணும்னு 1 கொரிந்தியர் 16:2 சொல்லுது, அது பட்ஜெட் போடுறதுதான். கடன் வாங்கி காணிக்கை கொடுத்துட்டு கர்த்தர் அடைப்பாருன்னு உட்காருறது விசுவாசம் கிடையாது. தேவாலயத்து உப்பரிகையில இருந்து குதின்னு பிசாசு சொன்னப்போ அவனும் சங்கீதம் 91ல இருந்து வாக்குத்தத்தத்தைத்தான் எடுத்து காட்டினான், இயேசு குதிக்கல. இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்னு 2 கொரிந்தியர் 8:12 இருக்கு, கடன்ல மூச்சு முட்டுறவங்க அந்த வசனத்தை எழுதி ஒட்டி வெச்சுக்கங்க.

வீட்டை விட்டுட்டு சபைக்கு கொடுக்குறதும் இதோட சேரும். இயேசு காலத்துல அப்பா அம்மாவுக்கு செய்ய வேண்டியதை கொர்பான், அதாவது தேவனுக்கு காணிக்கைன்னு சொல்லிட்டா கை கழுவிடலாம்னு ஒரு பாரம்பரியம் வெச்சிருந்தாங்க. மாற்கு 7ல இயேசு அதை தேவவசனத்தை அவமாக்குறதுன்னு சொன்னாரு. அம்மா மருந்துக்கு வெச்ச காசை எடுத்து கவர்ல போடுறவங்களுக்கு இதைவிட நேரடியா வேற என்ன சொல்ல முடியும்?

சரி, இதெல்லாம் படிச்சுட்டு அப்போ கொடுக்கவே வேண்டாம்போலன்னு யாராவது நிம்மதி அடைஞ்சா அதுதான் இன்னொரு பெரிய தவறு. சம்பளம் கூடினதும் கொடுப்பேன், கடன் முடிஞ்சதும் கொடுப்பேன்னு தள்ளிப் போடுறவங்க கூடினப்புறமும் கொடுக்குறதில்ல. மாற்கு 12ல வர்ற ஏழை விதவையைப் பாருங்க. தேவாலயத்துல எக்காளம் மாதிரி வாய் அமைஞ்ச 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்ததா யூதர்களோட பழைய குறிப்புகள் சொல்லுது, காசு விழுந்தா சத்தம் கேட்டிருக்கும், பெரிய காசு போட்டவங்களை எல்லாரும் திரும்பிப் பார்த்திருப்பாங்க. அவ போட்டது ரெண்டு லெப்டா, அதாவது ரொம்ப சின்ன ரெண்டு காசு, மொத்தமே ஒரு நாள் கூலியில 64ல ஒரு பங்கு. ரெண்டு காசு இருந்துச்சு, ஒண்ணை வெச்சுகிட்டு ஒண்ணைப் போட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. எவ்வளவு போட்டாங்கன்னு பார்க்குறதோட இயேசு நிறுத்தல, போட்டப்புறம் கையில என்ன மிச்சம்னும் பார்த்தாரு. ஆனா இந்தக் கதையை சொல்லி ஏழைங்களை கடைசி காசு வரைக்கும் போட வைக்கிறவங்க, மாற்கு 12ல அதுக்கு முன்னாடி இருக்கற 40ஆம் வசனத்தையும் வாசிக்கணும், விதவைகளின் வீடுகளை பட்சிக்கிறவங்க அதிக ஆக்கினையை அடைவாங்க.

மிச்சம் மீதியை கொடுக்குறதைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். குருடும் ஊனமுமான ஆட்டை பலிக்கு கொண்டு வந்தவங்ககிட்ட, அதை உன் அதிபதிக்கு கொடுத்துப் பாரு, உன்மேல பிரியமா இருப்பானான்னு மல்கியா 1:8ல கர்த்தர் கேட்டாரு. மாசக் கடைசியில மிஞ்சினதைப் போடுறப்போ எனக்கு இது ஞாபகம் வரும்.

பத்து சதவீதம் போட்டுட்டா கடமை முடிஞ்சுதுன்னு நினைக்கிறதும் இருக்கு. புதிய ஏற்பாட்டுல தசமபாகம் கட்டாயமாங்கிறதுல சபைக்கு சபை கருத்து வேற, நான் அந்த வாக்குவாதத்துக்குள்ள போகல. நான் பத்துல ஒண்ணுல ஆரம்பிக்கிறேன், அதை கூரையா வெச்சுக்கறதில்ல, அவ்வளவுதான். ஒற்தலாம் (புதினா), வெந்தயம், சீரகம்னு சமையலறை செடியிலகூட பத்துல ஒண்ணு எண்ணிக் கொடுத்தவங்களைப் பார்த்துத்தான் இயேசு, நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுட்டீங்கன்னு மத்தேயு 23:23ல சொன்னாரு. இவைகளையும் செய்யணும் அவைகளையும் விடக்கூடாதுன்னும் சொன்னாரு.

நிலத்தை வித்து பணத்தை சபைக்கு கொண்டு வந்த அனனியா சப்பீராள் தம்பதி (அப்போஸ்தலர் 5) விஷயத்துல நிறைய பேர் தப்பா புரிஞ்சு வெச்சிருக்காங்க, முழுசா கொடுக்காததால செத்தாங்கன்னு. பேதுரு தெளிவா சொல்றாரு, விற்கும் முன்னே அது உன்னுடையதா இருந்துச்சு, விற்ற பின்னும் அதன் கிரயம் உன் வசத்துலதான் இருந்துச்சு. ஒரு பங்கை மட்டும் கொடுத்துட்டு முழுசும் கொடுத்த மாதிரி காட்டிக்கிட்டாங்க பாருங்க, அந்தப் பொய்தான் பாவம். யாராவது இந்தக் கதையை வெச்சு உங்களை பயமுறுத்தி வாங்கப் பார்த்தா, விசனமாயுமல்ல கட்டாயமாயுமல்லன்னு 2 கொரிந்தியர் 9:7ஐ காட்டுங்க.

கடைசியா, கொடுத்தப்புறம் கணக்கு கேட்டா அவிசுவாசம்னு நினைக்கிறது. பவுல் எருசலேமுக்கு கொண்டு போற பணத்தை தனியா சுமக்கல, தீத்துவையும் இன்னும் ரெண்டு சகோதரர்களையும் சேர்த்தாரு, ஒருத்தரும் குற்றம் சொல்லாதபடி கர்த்தருக்கு முன்னாடி மட்டுமில்லாம மனுஷருக்கு முன்னாடியும் யோக்கியமா நடக்கணும்னு காரணமும் எழுதி வெச்சாரு. யோவாஸ் ராஜா காலத்துல ஆலயத்தைப் பழுதுபார்க்க வெச்ச பெட்டியில பணம் நிறைஞ்சா ராஜாவோட சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணி பைகள்ல கட்டினாங்க. யாத்திராகமம் 36ல ஆசரிப்புக் கூடாரத்துக்கு, அதாவது வனாந்தரத்துல ஆராதனைக்கு அமைச்ச கூடாரத்துக்கு, ஜனங்க காலைதோறும் கொண்டு வந்துகிட்டே இருந்தாங்க, வேலை செஞ்சவங்களே மோசேகிட்ட வந்து தேவைக்கு அதிகமா வருதுன்னு சொன்னாங்க. மோசே அதை வாங்கி வெச்சுக்கல. இனிமே யாரும் காணிக்கை கொண்டு வர வேண்டாம்னு பாளயம் முழுக்க அறிவிக்க சொல்லிட்டாரு, ஜனங்க நிறுத்திட்டாங்க.